கம்யூனிச நாடுகளில் மானிடவியல் இருந்ததா, இல்லையா?

மூன்றாம்_வருடம் (வெள்ளவத்தை)

எல்லோருக்கும் வணக்கம். நான் கம்பஸில் மூன்றாம் வருடம், சமூகவியல் விசேட கற்கை. மானிடவியல் வரலாற்றுப் பாடத்துக்கு ஒரு நீளமான கட்டுரை எழுத வேண்டும். கம்யூனிச ஆட்சியின் கீழும் அதற்குப் பிறகும் அந்தத் துறை என்ன ஆனது என்ற தலைப்பை நானாகவே கேட்டு எடுத்தேன். எடுத்த பிறகுதான் பயம் பிடித்தது. விரிவுரையில் எங்களுக்குக் கிடைத்தது ஒரேயொரு வசனம்: "அங்கே அதைத் தடை செய்தார்கள், 1990க்குப் பிறகு மேற்கிலிருந்து திரும்ப வந்தது."

போன கிழமை மருதானைப் பழைய புத்தகக் கடையில் மொஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகம் ஒன்று அகப்பட்டது. எங்கெல்ஸின் 'குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம்'. வட அமெரிக்கப் பழங்குடிகளான இரோகுவா மக்கள் யாரை அப்பா என்பார்கள், யாரை மாமா என்பார்கள், குலம் எப்படிப் பிரிகிறது என்று பக்கம் பக்கமாக இருக்கிறது. இந்தப் புத்தகத்தைத் தமிழில் கூட அச்சடித்து எங்கள் ஊர்வரை அனுப்பிய நாடு, அந்தத் துறையையே எப்படித் தடை செய்திருக்கும்? எனக்கு இது பொருந்தி வரவில்லை. அங்கே படித்தவர்கள், இதைப் பற்றி வாசித்தவர்கள் யாராவது வழி காட்டுங்கள்.

---

கடலோரம் (பம்பலப்பிட்டி)

தடை என்ற சொல் சீனாவுக்கு ஓரளவு பொருந்தும் தங்கச்சி. 1952இல் பல்கலைக்கழகங்களை மாற்றி அமைத்தபோது சமூகவியலை மூடினார்கள், மானிடவியலும் அதோடு போனது. ஃபெய் சியாவ்தொங் என்ற சீன மானிடவியலாளரைப் பற்றித் தேடி வாசியுங்கள். 1935இல் கல்யாணம் முடித்த கையோடு மனைவியையும் கூட்டிக்கொண்டு குவாங்சி மலைகளில் யாவ் மக்களிடம் ஆய்வுக்குப் போனவர். அங்கே புலிக்கு வைத்த பொறியில் விழுந்து படுகாயப்பட்டார். உதவி தேடிப் போன மனைவி தண்ணீரில் அகப்பட்டு இறந்துபோனார். உடம்பு தேறுவதற்காக அக்கா பட்டுநூல் கூட்டுறவில் வேலை செய்த கிராமத்துக்குப் போனவர், அங்கே பார்த்ததையெல்லாம் குறித்து வைத்தார். லண்டனில் மானிடவியலாளர் மலினோவ்ஸ்கியிடம் படித்தபோது அந்தக் குறிப்புகள்தான் ஆய்வாகி, 1939இல் நூலாக வந்தன.

1957இல் அவருக்கு 'வலதுசாரி' என்று முத்திரை குத்தினார்கள். அதன் பிறகு இருபது வருடங்களுக்கு மேல் ஒன்றும் செய்ய விடவில்லை. 1979இல் சமூகவியலைத் திரும்பத் திறந்தபோது அந்த வேலையை அவரிடமே கொடுத்தார்கள்.

ஆனால் ஒன்று. துறை மூடிக் கிடந்த அதே 1950களில், அந்தத் துறையில் படித்தவர்களை அரசு மலைகளுக்கு அனுப்பியது. 1953 கணக்கெடுப்பில் மக்கள் தாங்களாகவே சொன்ன இனப் பெயர்கள் 400க்கு மேல். அதைச் சுருக்கிச் சுருக்கி 55 சிறுபான்மை இனங்களாக்கினார்கள். கடைசியாகச் சேர்ந்த ஜினுவோவுக்கு 1979இல்தான் இடம் கிடைத்தது. படிப்பிக்க வேண்டாம், எண்ணித் தந்தால் போதும் என்ற மாதிரி.

---

ஹட்டன்_ரயில் (கொட்டாஞ்சேனை)

மகள், நான் 1982இல் புலமைப்பரிசில் கிடைத்து மொஸ்கோ போனவன். படித்தது ரஷ்ய மொழியும் வரலாறும். பிறகு கொழும்பில் முப்பது வருடம் மொழிபெயர்ப்பு வேலை. உங்கள் கேள்வியைக் காலையில் பார்த்ததிலிருந்து வேறு எதிலும் மனம் போகவில்லை. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விடுதியில் என் அறைத் தோழன் ஜோர்ஜியாவின் மேற்குப் பக்கம், சுக்டிடியைச் சேர்ந்தவன். முதல் மாரிகாலத்தில் அவன் வீட்டிலிருந்து ஒரு பொதி வந்தது. பழைய பத்திரிகையில் சுற்றிய தேயிலை. கெட்டிலில் போட்டு எனக்கும் ஊற்றினான். தூளைக் கையில் கொட்டிப் பார்த்தேன். கட்டையும் முற்றின இலையும். "இது மெஷினால் வெட்டினது" என்றேன். அவன் கிளாஸை வைத்துவிட்டு என்னையே பார்த்தான். எப்படித் தெரியும் என்று கேட்டான். என் அம்மா முப்பது வருடம் தேயிலைத் தோட்டத்தில் பெரட்டுக்குப் போய்க் கொழுந்தெடுத்தவ என்றேன். அவன் எழுந்து வந்து என்னைக் கட்டிப் பிடித்தான். அவனுடைய அம்மாவும் கூட்டுப்பண்ணையில் கொழுந்து எடுக்கிறவதான். மெஷின் வந்த பிறகு நல்ல தேயிலை போயே போய்விட்டது என்று அவவும் சொல்லிக்கொண்டே இருப்பாவாம்.

அந்த வருடம்தான் அவனுடைய உள்நாட்டுப் பாஸ்போர்ட்டைப் பார்த்தேன். அங்கே அது அடையாள அட்டை மாதிரி. விடுதிப் பதிவுக்காக மேசையில் வைத்திருந்தான். பெயருக்குக் கீழே இனம் என்று ஒரு இடம். சோவியத்தில் அதை 'ஐந்தாவது வரி' என்பார்கள். கந்தோர்ப் படிவங்களில் அந்தக் கேள்வி ஐந்தாவதாக வருவதால் வந்த பெயர். அவனுக்கு அதில் 'ஜோர்ஜியன்' என்று இருந்தது. ஆனால் அவன் அம்மாவோடு டெலிபோனில் கதைப்பது ஜோர்ஜிய மொழியில் இல்லை. ஜோர்ஜியர் அம்மாவை 'தேதா' என்பார்கள், இவன் 'தீதா' என்பான். அது மிங்ரேலிய மொழி. பள்ளிக்கூடத்தில் இல்லாத, வீட்டில் மட்டும் இருக்கும் மொழி. "பிறகு ஏன் ஜோர்ஜியன் என்று போட்டிருக்கிறார்கள்?" என்று கேட்டேன். "எங்கள் பாட்டா காலத்தில் நாங்கள் தனி இனமாக இருந்தோம். பிறகு இல்லை" என்றான்.

ஏதோ பேச்சுக்குச் சொல்கிறான் என்று நினைத்தேன். பல வருடங்களுக்குப் பிறகு கணக்கெடுப்பு எண்களைப் பார்த்தபோது நெஞ்சு ஒருமுறை நின்றது. 1926இல் மிங்ரேலியர் 240,000க்கு மேல். 1939இல் அப்படி ஒரு இனமே பட்டியலில் இல்லை. சனங்கள் அதே ஊர்களில் அதே மொழியைப் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள். பட்டியலில் அவர்கள் ஜோர்ஜியராகிவிட்டார்கள்.

என் பிறப்புச் சான்றிதழில் அப்பாவின் இனம் 'இந்தியத் தமிழ்'. எங்கள் லயத்தில் இந்தியாவைக் கண்ணால் கண்ட ஒருவரும் இல்லை. 1911 கணக்கெடுப்பில்தான் 'இலங்கைத் தமிழர்', 'இந்தியத் தமிழர்' என்று முதல்முறை இரண்டாகப் பிரித்து எண்ணினார்கள். 1948இல் தோட்டத் தமிழரின் குடியுரிமை போனபோது அந்தக் கோடு எங்கள் கழுத்துவரை வந்தது. நாடற்றுப்போன எங்களை இந்தியாவும் இலங்கையும் பங்கிட்ட 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் இலங்கைக்கு ஒதுக்கிய மூன்று லட்சத்துக்குள் அப்பாவின் பெயர் வந்தபடியால்தான் எனக்கு மொஸ்கோ போக ஒரு பாஸ்போர்ட்டே கிடைத்தது. ஆகவே ஐந்தாவது வரி என்றால் என்னவென்று எனக்கு யாரும் விளக்கத் தேவையிருக்கவில்லை.

இப்போது உங்கள் கட்டுரைக்கு வருகிறேன். சோவியத்தின் அந்த இனப் பட்டியலை யார் எழுதினார்கள்? இனவரைவியலாளர்கள், அதாவது மக்களிடம் போய் அவர்கள் வாழ்க்கையைக் குறித்து எழுதுகிறவர்கள். 1917இல் ரஷ்ய அறிவியல் கழகத்தில் அமைத்த குழு ஒன்று, எந்தச் சனம் எந்த இனம், எந்த மொழி என்று ஆராய்ந்தது. 1926 கணக்கெடுப்புக்கு 150க்கு மேற்பட்ட இனங்களின் பட்டியலைத் தயாரிப்பதில் அவர்கள் கை பெரிது. 1936இல் ஸ்டாலின் அரசியலமைப்பைப் பற்றிப் பேசியபோது நாட்டில் சுமார் அறுபது இனங்கள் என்றார். அடுத்த கணக்கெடுப்பில் பட்டியலும் குறுகியது. சோவியத் மானிடவியலை நீங்கள் முதலில் தேட வேண்டிய இடம் அந்த ஐந்தாவது வரிதான் என்பது என் திடமான எண்ணம். அந்த ஆட்சியில் அந்தத் துறை சாகவில்லை மகள், அரசின் பேனாவாக இருந்தது.

இன்னொன்று, 'தடை' என்ற குழப்பம் பாதி பெயரால் வந்தது. ரஷ்ய மொழியில் அந்தக் காலத்தில் 'அந்த்ரபலோகியா' என்றால் மண்டையோடும் எலும்பும் அளக்கும் உடல்சார் மானிடவியல். நீங்கள் படிப்பது அங்கே 'எத்னகிராஃபியா', அதாவது இனவரைவியல். 1929 ஏப்ரலில் லெனின்கிராட்டில் கூடிய கூட்டத்தில் 'இனவியல்' என்பதை முதலாளித்துவ அறிவியல் என்று தாக்கினார்கள். 1932இல் இனவரைவியலை வரலாற்றின் துணைப் பாடம் என்று ஆக்கிவிட்டார்கள். அதற்கென்று சொந்தமாகக் கோட்பாடு கிடையாது. மனித சமூகம் ஏறி வந்ததாக எங்கெல்ஸ் சொன்ன படிகளுக்கு உதாரணம் தேடித் தரலாம், அவ்வளவுதான்.

நீங்கள் வாங்கிய புத்தகத்துக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. லெவ் ஷ்டெர்ன்பெர்க் என்ற புரட்சிக்கார இளைஞரை ஜார் அரசு சகலின் தீவுக்கு நாடு கடத்தியது. அங்கே அவர் கில்யாக் மக்களின் உறவுமுறைகளைக் குறித்து வைத்தார். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் பார்த்த எங்கெல்ஸ், 1892இல் அதைப் பற்றியே ஒரு கட்டுரை எழுதினார். ஷ்டெர்ன்பெர்க்கும், சைபீரியாவின் கோலிமாவுக்கு நாடு கடத்தப்பட்ட அவருடைய நண்பர் பொகராஸும்தான் பின்னாளில் லெனின்கிராட்டில் அந்தத் துறையை நிறுவினார்கள். மாணவர்களை ஒரு வருடத்துக்கு மேல் அந்த மக்களோடேயே இருந்து, அவர்கள் மொழியில் கதைக்கப் பழகி வரச் சொன்னவர்கள். மலினோவ்ஸ்கியின் பெயரில் நீங்கள் படிக்கும் களப்பணி அங்கேயும் இருந்தது. 1930களில் அந்தத் தலைமுறையை உடைத்தார்கள். லெனின்கிராட் இனவரைவியல் நிறுவனத்துக்குத் தலைவராக இருந்த மத்தோரின் என்பவரை 1936இல் சுட்டுக் கொன்றார்கள்.

இதை எழுதும்போது எனக்குக் கை ஓடாத இடம் ஒன்று உண்டு. 1984 கோடை விடுமுறையில் லெனின்கிராட் போய், பீட்டர் மன்னர் 1714இல் தொடங்கிய குன்ஸ்த்கமெரா அருங்காட்சியகத்தைப் பார்த்தேன். கண்ணாடிப் பெட்டிக்குள் நம் நாட்டு முகமூடிகள். பிதுங்கின கண், வெளியே நீட்டின பல், நாகப் படம். அம்பலாங்கொடைப் பக்கம் பார்ப்போமே, அதேதான். வீட்டு நினைவில் அங்கேயே வெகுநேரம் நின்றேன். காவலுக்கு இருந்த வயதான அம்மா கதிரை ஒன்றை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னா.

இலங்கைப் பொருட்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தவர்கள் அலெக்சாண்டர் மெர்வார்த், லுத்மிலா மெர்வார்த் என்ற தம்பதி. 1914இல் இலங்கைக்கு வந்து, பிறகு இந்தியா போய், 1918 வரை சுற்றிச் சேகரித்தவர்கள். அலெக்சாண்டர் திரும்பிப் போய் லெனின்கிராட்டில் தமிழ் படிப்பித்தார். 1929இல் ரஷ்ய மொழியில் ஒரு தமிழ் இலக்கணம் வெளியிட்டார். ஏட்டுத் தமிழுக்கு எழுதியதல்ல, பேச்சுத் தமிழுக்கு எழுதிய இலக்கணம். அடுத்த வருடமே கைதானார். 1932இல் முகாமில் இறந்தார். மனைவியும் கைதாகி, உயிரோடு திரும்பினார். நம் தெருக்களில் நாம் கதைப்பதைக் காது கொடுத்துக் கேட்டு ஒரு மனிதன் இலக்கணம் எழுதியிருக்கிறான், அவன் பெயர் நம்மில் யாருக்கும் தெரியாது. உங்கள் கட்டுரையில் ஒரு அடிக்குறிப்பாவது அவருக்குக் கொடுங்கள் மகள்.

---

பழைய_தோழர் (தெமட்டகொடை)

ஹட்டன் அண்ணன் சொன்னது எல்லாம் நடந்ததுதான். நான் மறுக்கவில்லை. ஆனால் ஒரு பக்கத்தை விட்டுவிட்டார். எழுத்தே இல்லாமல் இருந்த எத்தனை மொழிகளுக்கு 1920களிலும் 30களிலும் எழுத்து உண்டாக்கினார்கள்? அவர் சொன்ன அதே பொகராஸ் வடகிழக்குச் சைபீரியாவின் சுக்சி மொழிக்கு அரிச்சுவடி எழுதினார். 1930இல் லெனின்கிராட்டில் வட துருவ மக்களுக்கென்றே ஒரு கல்வி நிறுவனம் திறந்து, மான் மேய்க்கிறவர்களின் பிள்ளைகளைக் கொண்டுவந்து ஆசிரியராக்கினார்கள். பட்டியலில் பெயர் வந்தால்தான் பள்ளிக்கூடமும் அச்சுக்கூடமும் வரும். நம் நாட்டில் வேடர்களைப் பற்றி 1911இல் செலிக்மன் தம்பதி பெரிய நூல் போட்டார்கள். அதனால் ஒரு வேடப் பிள்ளைக்கு ஒரு அரிச்சுவடி வந்ததா? இதையும் தராசில் வையுங்கள்.

---

ஹட்டன்_ரயில் (கொட்டாஞ்சேனை)

தோழரே, நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். 1930களில் சுக்டிடியிலும் மிங்ரேலிய மொழியில் பத்திரிகை வந்தது. என் தோழனின் பாட்டா அதைச் சத்தம் போட்டு வாசிப்பாராம், எழுதப் படிக்கத் தெரியாத அக்கம்பக்கத்தார் சுற்றி உட்காருவார்களாம். அந்தப் பத்தாண்டு முடியும் முன்பே அது நின்றுபோனது. வட துருவ மொழிகளுக்கு முதலில் லத்தீன் எழுத்துக் கொடுத்து, 1930களின் பின்பாதியில் எல்லாவற்றையும் ரஷ்ய எழுத்துக்கு மாற்றினார்கள். கொடுத்ததும் அதே பேனாதான், எடுத்ததும் அதே பேனாதான். கொடுத்ததை நான் சின்னதாக நினைக்கவில்லை. எங்கள் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் இல்லை. எனக்குப் பல்கலைக்கழகம் தந்தது அந்த நாடு. அதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

ஆனால் அந்த ஆய்வாளர்கள் கண்ணுக்கு முன்னால் நடந்ததை எழுத முடியாமல் போனார்கள், அதுதான் எனக்குப் பொறுக்காதது. கூட்டுப்பண்ணை வந்தபோது கசகஸ்தானிலும் உக்ரேனிலும் சனங்கள் லட்சக்கணக்கில் பட்டினியில் செத்தார்கள். கிராமத்தைப் படிப்பதே தொழிலாகக் கொண்டவர்கள் அதைப் பற்றி ஒரு வரி அச்சில் போட முடியவில்லை. பிற்காலத்தில் ஊர்களுக்குப் போனவர்களும் கண்டதை 'எச்சம்' என்ற சொல்லுக்குள் போட்டுத்தான் எழுத வேண்டும். ஒரு உஸ்பெக் கிராமத்தில் பெண்கள் மரத்தில் துணி கட்டி நேர்த்தி வைக்கிறார்களா? அது பழங்காலத்தின் எச்சம், போகப் போக மறைந்துவிடும் என்று முடிக்க வேண்டும். நாளைக்குப் பிள்ளைக்குக் காய்ச்சல் விட வேண்டும் என்று இன்று வந்து கட்டுகிற தாயை 'எச்சம்' என்று எப்படிச் சொல்வது? மாத்தளை முத்துமாரி கோயிலில் நேர்த்தி வைத்துப் பிள்ளையை வளர்த்தவ என் அம்மா. எனக்கு அந்தச் சொல்லை வாசிக்கும்போதெல்லாம் வலிக்கும். ஆனால் அவர்கள் எந்த மரம், என்ன துணி, எத்தனை முடிச்சு, என்ன சொல்லிக் கட்டினார்கள் என்று ஒன்றையும் விடாமல் குறித்து வைத்தார்கள். முடிவுரையைத் தள்ளிவிட்டு நடுப்பக்கங்களை வாசித்தால் அந்தத் தாய் அப்படியே நிற்பா. அதற்காக அவர்களைக் கும்பிடலாம்.

---

மூன்றாம்_வருடம் (வெள்ளவத்தை)

அங்கிள், வாசித்து முடித்ததும் அம்மாவிடம் என் பிறப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். அப்பாவுக்கு இலங்கைத் தமிழ், அம்மாவுக்கு இந்தியத் தமிழ். இருபத்திரண்டு வருடமாக இதை ஒரு தடவைகூட நான் கவனித்ததில்லை. அம்மா ஒன்றும் சொல்லாமல் அதைத் திரும்ப உறைக்குள் வைத்துவிட்டா.

1991க்குப் பிறகு என்ன நடந்தது என்றும் சொல்லுங்கள். மேற்கிலிருந்து வந்தது என்பது சரிதானா? உங்கள் தோழர் இப்போது எங்கே?

---

ஹட்டன்_ரயில் (கொட்டாஞ்சேனை)

அம்மாவை அதைப் பற்றிக் கட்டாயப்படுத்திக் கேட்க வேண்டாம் மகள். அவவாகச் சொல்லும் நாள் வரும்.

1991ஐ ஒரு கதவு மாதிரி எழுதாதீர்கள். மொஸ்கோ இனவரைவியல் நிறுவனத்தில் 1966 முதல் 1989 வரை யூலியன் புரொம்லேய் இயக்குநர். 'எத்னோஸ்' என்று ஒரு கோட்பாடு வைத்திருந்தார்: இனம் என்பது காலங்காலமாக நிலைத்து வரும் ஒரு உண்மையான பொருள், அதற்கென்று தன்மைகள் உண்டு. 1989இல் வந்த வலேரி திஷ்கோவ் அதற்கு நேர்மாறு. இனம் என்பது மனிதர் கட்டுவது, அரசு எழுதுவது என்றவர். 1992இல் சில மாதங்கள் ரஷ்யாவின் தேசிய இனங்கள் தொடர்பான அமைச்சராகவும் இருந்தார். நிறுவனத்தின் பெயரில் 'மானிடவியல்' ஏறியது. அவர்களுடைய சஞ்சிகை 'சோவியத் இனவரைவியல்' என்ற பெயரை 1992இல் கழற்றி, புரட்சிக்கு முந்திய தன் பழைய பெயரை எடுத்துக்கொண்டது. ஆட்கள் பெரும்பாலும் அதே ஆட்கள்தான். அதே அறைகளில், பாதிச் சம்பளமும் வராத மாதங்களில் உட்கார்ந்து எழுதினார்கள்.

மேற்கிலிருந்து ஆட்கள் 1990க்கு முன்பே வந்தார்கள். கரோலைன் ஹம்ஃப்ரி என்ற மானிடவியலாளர் 1967இலேயே சைபீரியாவின் புரியாத் மக்களின் கூட்டுப்பண்ணையில் ஆய்வு செய்தவர். கதரின் வெர்டெரி என்ற இன்னொருவர் 1973இல் ருமேனியாவுக்கு வந்தார். ஆட்சி போன பிறகு இரகசியப் பொலிஸ் தன்னைப் பற்றி வைத்திருந்த கோப்பைக் கேட்டு வாங்கினார். 2,781 பக்கம். யாரோடு கதைத்தார், எந்த வீட்டில் சாப்பிட்டார் என்று எல்லாம் இருந்தது. அவர் கிராமத்தை எழுதிக்கொண்டிருந்தபோது வேறு ஆட்கள் அவரை எழுதிக்கொண்டிருந்தார்கள். நம்பிப் பழகிய நண்பர்களும் தகவல் கொடுத்திருந்தார்கள். அதைத் தன் நூலிலேயே எழுதினார். உங்கள் நூலகத்தில் கேட்டுப் பாருங்கள், கிடைத்தால் முதலில் அதை வாசியுங்கள்.

ருமேனியாவில் இன்னொன்று. புக்காரெஸ்டில் கட்சி அருங்காட்சியகமாக இருந்த கட்டடத்தை 1990இல் விவசாயிகள் அருங்காட்சியகமாகத் திரும்பத் திறந்தார்கள். கீழ்த்தளத்தில் ஒரு சின்ன அறையில் லெனின் சிலைகளையும் கூட்டுப்பண்ணை நாட்களின் நினைவுகளையும் வைத்தார்கள். மேலே கலப்பையும் தொட்டிலும், கீழே அந்தக் கலப்பையைப் பறித்த கதை. ஒரே கூரைக்குள் இரண்டையும் வைக்கத் துணிந்தார்களே, அது எனக்குப் பெரிய விஷயம்.

ரஷ்யாவில் 1997இல் புதிய பாஸ்போர்ட் வந்தபோது இனம் என்ற அந்த வரியையே எடுத்துவிட்டார்கள். சந்தோஷப்படுவார்கள் என்றுதானே நினைப்போம்? ரஷ்யாவுக்குள் தாத்தார் மக்களின் குடியரசான தாத்தார்ஸ்தானில் எதிர்ப்புக் கிளம்பியது. அந்த வரி போனால் எங்கள் அடையாளமும் போய்விடும் என்றார்கள். அறுபது வருடத்துக்கு மேல் ஒரு வரிக்குள் வாழ்ந்த சனத்துக்கு அது வீடாகிவிடுகிறது.

என் தோழனிடமிருந்து கடைசியாகக் கடிதம் வந்தது 1995இல். ஜோர்ஜியாவிலிருந்து பிரிய நின்ற அப்காசியாவில் நடந்த சண்டையில் 1993இல் ஓடி வந்தவர்களால் சுக்டிடி நிரம்பி வழிகிறது, பள்ளிக்கூடத்திலும் ஆட்கள் குடியிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தான். தேயிலை முழுக்கக் காடேறிவிட்டதாம். வாங்க ஆள் இல்லை, மெஷின்களை இரும்புக்கு விற்றுவிட்டார்கள். அம்மா மட்டும் வீட்டுக்குப் பின்னால் இருபது செடியை வைத்துக் கையால் பறித்து, வெயிலில் காய வைத்து, கையாலேயே உருட்டுகிறாவாம். உறைக்குள் ஒரு பிடி தூள் இருந்தது. சுருள் சுருளாக, நுனியில் வெள்ளை முளையோடு. அப்படி ஒரு தேயிலையை அந்த நாட்டில் நான் இருந்த காலத்தில் குடித்ததேயில்லை.

அதே கடிதத்தில் நான் பலமுறை கேட்டிருந்த கேள்விக்குப் பதிலும் எழுதியிருந்தான். மிங்ரேலியர் தனி இனமாகத் திரும்ப வர வேண்டுமா என்று கேட்டிருந்தேன். "வேண்டாம். நான் ஜோர்ஜியன். வீட்டில் மிங்ரேலியன். எது முதல் என்று யாரும் என்னைக் கேட்காமல் இருந்தால் போதும்" என்று எழுதியிருந்தான். 2012 கணக்கெடுப்புக்கு வந்த பிள்ளை என்னிடம் இனம் என்ன என்று கேட்டபோது தோழன் எழுதிய அந்த வரி நினைவுக்கு வந்தது. 'இலங்கைத் தமிழ்' என்று போடச் சொன்னேன். எங்கள் ஆட்கள் பலர் அப்படித்தான் சொன்னார்கள். இரவு நித்திரை வரவில்லை, அம்மாவை மறுத்த மாதிரி இருந்தது.

கட்டுரையை எழுதி முடித்தால் கையளிக்கும் முன் எனக்கு ஒருமுறை அனுப்புங்கள். ரஷ்யப் பெயர்களின் உச்சரிப்பையாவது திருத்தித் தருகிறேன். மெர்வார்த் இலக்கணத்தில் சில பக்கங்களின் போட்டோக்கொப்பி என்னிடம் இருக்கிறது, அதையும் தேடி எடுத்து வைக்கிறேன்.